ஏழடிக்குக் கீழே மணல்

பிப்ரவரி 2

வந்து சேர்ந்தாயிற்று. நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் கண்டக்டரோடு ஒரு சண்டை. ஐந்தடி நீளத்தில் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்தக் கண்டக்டர்தான் சிரித்த முகமாக இருப்பான்? குழாய்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு எடுங்கள் என்றான். எடுக்கிறேன், எல்லாம் ஜன்னலோரமாகக் கொடு என்றேன். பேசாமல் ஏற்றிக்கொண்டான்.

நொச்சிமேடு குப்பம். தங்குவது அஞ்சுகம் அக்கா வீட்டில். கருவாட்டு வியாபாரம், தனி ஆள், ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்கு உடன்பிறந்த தங்கை. என் கழுத்தைப் பார்த்தாள், தாலி இல்லாததைப் பார்த்தாள், கேள்வி கேட்கவில்லை. அதற்கே அவளுக்கு நூறு மார்க். கோலா மீன் குழம்பு ஊற்றினாள். நாமக்கல்லில் பிறந்தவள் நான், முட்டையைத் தவிர வேறெதுவும் சரியாகச் சாப்பிடத் தெரியாது. சாப்பிடு கோதை என்று முள்ளை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 3

காலையில் ஊர்க்கூட்டம். அக்காவின் அண்ணன் நாட்டார் வைத்தியலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். இங்கே பஞ்சாயத்துத் தலைவரை நாட்டார் என்றுதான் சொல்கிறார்கள். நான் வந்த காரணத்தை ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்ல வைத்தார்.

காரணம் சின்னதுதான். கடல் இந்தக் கரையை வருஷா வருஷம் தின்றுகொண்டு வருகிறது. ஊரையே மூன்று கிலோமீட்டர் உள்ளே, புளியந்திடலுக்கு மாற்றிவிட அரசாங்கம் நினைக்கிறது. போக மாட்டோம் என்று ஊர் நிற்கிறது. படகு கண்ணில் படாத இடத்தில் எப்படித் தூங்குவது என்று கேட்கிறார்கள். புளியந்திடல் பத்திரமான இடமா என்று கலெக்டர் எங்கள் ஆய்வு மையத்தைக் கேட்டிருக்கிறார். பெரிய அலை எப்போதாவது அங்கே வரை வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதன் மணல் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மணல் கிடைத்தால் ஊர் இங்கேயே இருக்கும், அரசாங்கம் கடலோரத் தடுப்புக்கு வேறு வழி பார்க்கும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதை நான் இப்படியே சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கூட்டத்தில் எல்லாரும் நாட்டாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர், அம்மா நல்லபடியாகத் தேடட்டும் என்றார்.

பிப்ரவரி 6

புளியந்திடலில் ஐந்து இடத்தில் குழாய் இறக்கினோம். அந்தக் காலத்தில் உப்பங்கழியாக இருந்த இடம், களிமண் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. எனக்குப் பத்தடிக் குழாய் வேண்டும் என்று ஸ்ரீவத்ஸன் சாரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஐந்தடி போதும், இருப்பதை வைத்துப் பார் என்றார். அவருக்குக் கீழே எட்டு வருஷம் ஒப்பந்த வேலை. இன்னும் ஒரு குழாய்க்குக்கூட என் பேச்சு செல்லாது.

ஐந்து குழாயையும் இரண்டு பக்கமும் மூடி, டேப் சுற்றி, அஞ்சுகம் அக்காவின் உள்ளறையில் நிறுத்தியிருக்கிறேன். வெயில் பட்டால் களிமண் வெடித்துவிடும். அந்த அறைதான் வீட்டிலேயே குளிர்ச்சி. கருவாட்டுக் கூடைகளை அவளே வெளியே எடுத்து வைத்தாள்.

பிப்ரவரி 7

மதியம் முழுக்க அக்காவோடு அரட்டை. குழாய்க்குள் என்னதான் தெரியும் என்று கேட்டாள். புட்டுக் குழல் போலத்தான் அக்கா, மாவு, தேங்காய், மாவு என்று அடுக்கடுக்காக இருக்கும், களிமண் வருஷக்கணக்கில் மெதுவாகப் படிவது, அலை ஒரே நாளில் மணலைக் கொட்டிவிட்டுப் போவது என்றேன். மணல் எவ்வளவு தடிமன் இருக்கும்? ஒரு கை அகலம். எந்த ஆழத்தில்? இந்த மண்ணில் மூன்றடியில் இருந்தால்கூட நல்ல பழசு. சாதாரணக் கடற்கரை மணலுக்கும் அலை மணலுக்கும் என்ன வித்தியாசம்? ஆழ்கடலின் அடியிலிருந்து அள்ளிக்கொண்டு வரும், கடுகைவிடச் சின்ன ஓடுகள் இருக்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். தரையில் விரலால் வரைந்தே காட்டினேன். என் வேலையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை, ஒரு காலத்தில் தாலி கட்டியவரும் கேட்டதில்லை.

சாயங்காலம் கரையில் அவளுடைய பழைய வீட்டைக் காட்டினாள். சுனாமியில் கூரை போய்விட்டது, இரண்டு சுவர் நிற்கிறது. கிளிப்பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்குகிறது. உள்ளறையில் அன்றைக்கு அலை போட்ட மணல் முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடக்கிறது. அதில்தான் அவள் மகள் மணிமாலாவைத் தோண்டி எடுத்தார்களாம். நான்கு வயது. பதினைந்து வருஷமாக அந்த அறையைக் கூட்டவில்லை என்றாள். நான் உள்ளே போகவில்லை, வாசற்படியிலேயே நின்றேன்.

பிப்ரவரி 9

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டதாம். போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். நிம்மதியா போய்ட்டு வா, குழாயெல்லாம் என் பிள்ளை மாதிரி பாத்துக்குறேன் என்றாள்.

பிப்ரவரி 14

திரும்பிவிட்டேன். நான்கு நாளும் அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டே என் வாழ்க்கையைப் பற்றிப் பேசினாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

குழாய்கள் பத்திரம். ஈரம் போய்விடக் கூடாதென்று அக்கா எல்லாவற்றுக்கும் புது டேப் சுற்றியிருந்தாள். என்னைவிட நேர்த்தியாக. இப்படி ஒரு அக்கா எனக்குப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது.

முதல் குழாயை நீளவாக்கில் பிளந்தேன். மூன்றடியில் மணல், ஒரு கை அகலம். மேலும் கீழும் கறுப்புக் களிமண். எல்லைக்கோடு கத்தியால் அறுத்ததுபோல அவ்வளவு சுத்தம். இப்படிச் சுத்தமான கோட்டை நான் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது குழாய், அதே மூன்றடி. ஐந்திலும் இருக்கிறது. அறைக்குள்ளேயே குதித்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் உடம்பு விறைத்துக்கொண்டது. மகிழ்ச்சியில் அழுதுவிட்டாள் பாவம்.

புளியந்திடலுக்கும் அலை வந்திருக்கிறது! ஊர் பிழைத்தது. கூடவே நானும் என்று எழுதினால் சுயநலமாகத் தெரியும், ஆனால் உண்மை அதுதான்.

பிப்ரவரி 17

நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆழ்கடல் ஓடுகள் கொட்டிக் கிடக்கின்றன. சந்தேகமே வேண்டாம், அலை மணல். இன்னொரு அதிசயம்: பச்சை மணிகள். கடலடியில் மட்டுமே உருவாகும் பச்சைக் கனிமம் ஒன்று உண்டு, க்ளாக்கோனைட் என்று பெயர். அதேதான். சின்னச் சின்னத் தகடாக, என்ன அழகான பச்சை. சாருக்குப் படம் எடுத்து அனுப்பி, பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். கலெக்டர் அலுவலகத்துக்கும் தகவல் போய்விட்டதாம். சார் எட்டு வருஷத்தில் முதல்முறையாக வெரி குட் என்று அனுப்பினார்.

ஊரில் எனக்கு இறால் பிரியாணி. நாட்டார் கையாலேயே பரிமாறினார். சாப்பிடும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

பிப்ரவரி 18

துணி துவைத்தேன். அக்காவுக்கு ஒரு சேலை வாங்கி வந்தேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒரே அடமாக மறுத்துவிட்டாள்.

பிப்ரவரி 20

சார் காலையில் போன் செய்தார். அந்தப் பச்சைக் கனிமம் உருண்டையாகத்தானே இருக்கும், உன்னுடையது ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்டார். அலையில் உடைந்திருக்கும் சார் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே உறுத்தியது.

ஒரு செதிலை எடுத்து ஊசியால் அழுத்தினேன். உடையவில்லை, வளைந்தது. கல் வளையுமா? பையில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் இருந்தது, ஒரு சொட்டு விட்டேன். இளகியது. ஊசி நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டது. செதிலின் மறுபக்கத்தில் பிரஷ் இழுத்த கோடுகூடத் தெரிந்தது.

கிளிப்பச்சை.

செருப்புக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினேன். பழைய வீட்டின் உள்ளறையில், மணலின் ஒரு மூலையில், மண்வெட்டி பட்ட பள்ளம். நான்கு வாளி மணல் போயிருக்கும். சுவரிலிருந்து உரித்த பெயின்டை அதே திரவத்தில் நனைத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரிந்த விஷயம், இருந்தாலும் பார்த்தேன்.

பிப்ரவரி 21

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்கா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செதிலை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் மறைக்கவில்லை. நான் ஊருக்குப் போன மறுநாள் நாட்டார் வந்திருக்கிறார், கூட நான்கு ஆண்கள். குழாயின் அடிமூடியைக் கழற்றி, துடுப்புக் கம்பில் துணி சுற்றி உள்ளே விட்டு, களிமண்ணை அப்படியே வெளியே தள்ளி எடுத்திருக்கிறார்கள். வலை பின்னுகிற நைலான் நரம்பால் அறுத்து, நடுவில் மணலை வைத்து, திரும்பவும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மிஞ்சிய களிமண்ணை வாய்க்காலில் போட்டுவிட்டார்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான் தரையில் வரைந்த படம் அவளுக்கு அப்படியே மனப்பாடம்.

ஏன் அக்கா என்று கேட்டேன். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க தங்கச்சி. கட்டுப்பாடுன்னு சொல்லிட்டா யாரும் வாயத் தொறக்க முடியாது. ஆனா கண்ட மணல வக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ஆத்து மணல கொண்டாந்தாங்க, நான் விடல. அலை போட்ட மணலு எங்க வூட்டுல இருக்கு, அதத்தான் வக்கணும்னு நானே அள்ளிக் குடுத்தேன். பொய்யான மணல ஒனக்குக் குடுக்கலயே."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? மகள் புதைந்த மணல். பதினைந்து வருஷம் ஒரு பிடி அள்ளாதவள், என்னை ஏமாற்ற நான்கு வாளி அள்ளியிருக்கிறாள். அதையும் ஏதோ எனக்குச் செய்த மரியாதை மாதிரி சொல்கிறாள். நுண்ணோக்கி ஏமாறாமல் என்ன செய்யும்? மணல் நிஜம், ஓடு நிஜம், கடல் நிஜம். அவள் மட்டும்தான் பொய்.

நான் அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்தேனே, அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. துரோகி என்று வாய்விட்டே சொன்னேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

பிப்ரவரி 22

சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். என்னால் பொறுக்க முடியவில்லை, எரிகிறது. சார் கலெக்டருக்கு அப்போதே எழுதிவிட்டார்: ஊர்க்காரர்கள் மோசடி செய்திருக்கிறார்கள், மாதிரிகள் எதுவும் செல்லாது, புளியந்திடலில் அலை வந்ததற்குச் சான்று இல்லை.

சான்று இல்லை என்பது வேறு, வரவில்லை என்பது வேறு. அதை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை. ஊர் போகட்டும் என்றுதான் தோன்றியது.

ஜாகையை மாற்றிவிட்டேன். மெயின் ரோட்டில் ஒரு லாட்ஜ், மூட்டைப்பூச்சி இலவசம்.

பிப்ரவரி 24

ஏன் போனேன் என்று தெரியாது. கோபத்தில்தான். இவர்கள் கை படாத ஒரு குழியையாவது நான் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வெறி. பக்கத்து ஊரில் ஒரு ஜேசிபியைப் பிடித்து, புளியந்திடலில் எட்டடிக் குழி தோண்டச் சொன்னேன். டிரைவர் யார் வீட்டு செப்டிக் டேங்க் மேடம் என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

ஐந்தடி வரைக்கும் சுத்தக் களிமண். என் குழாய்கள் அங்கேயே நின்றிருக்கும். ஆறடி, களிமண். ஏழடியில் வாளி இழுத்தபோது சத்தம் மாறியது. நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாம்பல் நிற மணல். நான்கு விரல் தடிமன், குழியின் நான்கு சுவரிலும் சுற்றி ஓடுகிறது. அடிக்கோடு சுத்தமாக இல்லை. கிழித்தெடுத்த மாதிரி. மணலுக்குள் களிமண் துண்டுகள், நெல்லிக்காய் அளவில். அலை வரும்போது தரையையே பிய்த்துக்கொண்டு வந்தால் மட்டும்தான் இப்படி இருக்கும். உடைந்த சிப்பிகள் தாறுமாறாகச் செருகியிருந்தன. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் அலசி லென்ஸில் பார்த்தேன். ஆழ்கடல் ஓடுகள். பச்சை ஒன்றுமில்லை.

அலை இங்கே வந்திருக்கிறது. சோதிக்காமல் வருஷம் சொல்லக் கூடாது, ஆனால் இவ்வளவு களிமண் மேலே படிய ஆயிரம் வருஷமாவது வேண்டும். யாருக்கும் நினைவில்லாத ஒரு காலையில் கடல் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறது. மண் அதை மறக்கவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறது. இவர்கள் பொய் சொல்லி நிரூபிக்கப் பார்த்தது அத்தனையும் உண்மை. இரண்டடி கீழே காத்துக்கொண்டிருந்தது.

குழிக்குள் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் பாம்பு கடித்துவிட்டதோ என்று பயந்துபோய் எட்டிப்பார்த்தார்.

பிப்ரவரி 26

சார் காரில் வந்தார். குழியில் இறங்கினார், அந்த வயதில், நல்ல பேன்ட்டோடு. வெகு நேரம் பார்த்தார். அசல்தான் என்றார். அடுத்த வரியிலேயே, ஆனால் யார் நம்புவார்கள் என்றார். நான்கு நாளுக்கு முன் மோசடி என்று எழுதிய கையால் இப்போது மணல் கிடைத்தது என்று எழுதினால் என்னை வைத்துச் சிரிப்பார்கள் என்றார். இந்தக் குழியையும் இவர்கள்தான் நிரப்பினார்கள் என்பார்களாம். ஆயிரம் வருஷ மணலை ஒரு ஜேசிபி எப்படிச் சுவருக்குள் செருகும் சார் என்று கத்தினேன். கலெக்டருக்கு அதெல்லாம் தெரியாதம்மா என்றார்.

ஒரே வழிதான் இருக்கிறது. தாசில்தார் முன்னால் விசாரணை வைப்பது. எந்தெந்தக் குழாயில் என்ன செய்தோம், எந்த மணலை வைத்தோம் என்று ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது தனி, இந்தக் குழி தனி என்று பிரித்துக் காட்டலாம். நானே எழுந்து உனக்காகப் பேசுகிறேன் என்று சார் வாக்குக் கொடுத்தார்.

பிப்ரவரி 27

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். எவ்வளவு கசப்பாக இருந்தது என்று எழுத வார்த்தை இல்லை. உள்ளே வா என்றாள், போகவில்லை. புளியந்திடலுக்குக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினேன். மேலே நின்று பார்த்தாள், பிறகு அவளே இறங்கினாள். மணலைத் தொட்டாள். சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அலை மணலோடு பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

விசாரணையில் உண்மையைச் சொன்னால் ஊர் இங்கேயே இருக்கும் என்றேன். நாட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுவார் என்றாள். கையில் ஒட்டிய மணலை உதறிவிட்டு, "நான் வந்து சொல்றேன். மணலு எங்க வூட்டுது. நான்தான் சொல்லணும்" என்றாள்.

நம்பினேன். மறுபடியும்.

மார்ச் 4

தாலுகா அலுவலகம். மின்விசிறி ஓடவில்லை. தாசில்தார், சார், நான். எதிரே நாட்டார், இன்னும் மூன்று பேர், கடைசியில் அஞ்சுகம் அக்கா. நான் வாங்கிக் கொடுத்து அவள் மறுத்தாளே, அதுபோன்ற நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள்.

நாட்டார், குழாயை நாங்கள் தொடவே இல்லை என்றார். எதிர்பார்த்ததுதான். நான் அக்காவைப் பார்த்தேன். தாசில்தார் அவளைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். நாட்டார் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, தொண்டையை மட்டும் செருமினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சாவி அந்தம்மாகிட்டதான் இருந்துச்சு."

அந்தம்மா. கோதை இல்லை, தங்கச்சி இல்லை, அந்தம்மா.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். மணல் குழாய்க்குள் இருந்தது உண்மை, ஊர்க்காரர்கள் வைக்கவில்லை என்றால் யார் வைத்தது என்று கேட்டார். நான் சாரைப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மாதிரிகளின் பொறுப்பு முழுக்க பூங்கோதையுடையது, எனக்கு அவர் அனுப்பிய தகவல்தான் தெரியும் என்றார். அந்தப் பச்சைக் கனிமம் பற்றி நான் பெருமையாக எழுதியதையும் எடுத்துச் சொன்னார். நான் ஊர்ப் பக்கம் சாய்ந்து நானே மணலை வைத்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் பழியை அவர்கள் மேல் போட்டேன் என்று ஆகிவிட்டது. புதுக் குழியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நான் சொல்லச் சொல்ல தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள். போய்விடு என்றேன். போகவில்லை.

"ஒனக்குப் போறதுக்கு வேற ஊரு இருக்கு தங்கச்சி. கட்டுப்பாட்ட மீறுனா எனக்கு நெருப்பு, தண்ணிகூட யாரும் குடுக்க மாட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான் ஊரு."

"அதுவும் இனிமே இருக்காதுக்கா" என்றேன். "இப்ப நீங்க உள்ள சொன்னதுலதான் அது போச்சு."

அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

மார்ச் 6

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று மையத்திலிருந்து போன். குழாய்களை ஒப்படைக்க வேண்டுமாம். லாட்ஜில் இன்று சுடுதண்ணீர் வந்தது.

மார்ச் 9

நாமக்கல். அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

அடுத்த வருஷம், ஆகஸ்ட் 19

இந்த நோட்டை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். பாறை வகைகள், ஐந்து மதிப்பெண். மீன் சாப்பிடுவதில்லை.

மத்தியானம் வகுப்பு முடிந்து வரும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. நான்தான் அஞ்சுகம் என்றாள். வைத்துவிட நினைத்தேன். வைக்கவில்லை, ஏனென்று கேட்டால் தெரியாது.

போன கார்த்திகையில் ஊரைக் காலி செய்தார்களாம். பழைய வீட்டுச் சுவர்களை இடித்துவிட்டார்கள், மணலும் அதோடு போயிற்று. இப்போது எல்லாரும் புளியந்திடலில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், பக்கத்தில் வீடு எழும்புகிறது. படகைக் காவல் காக்க ஆண்கள் முறை வைத்துக் கரையில் படுக்கிறார்களாம். இதையெல்லாம் எதற்கு என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டேன். எவ்வளவு வெடுக்கென்று கேட்க முடியுமோ அவ்வளவு வெடுக்கென்று கேட்டேன்.

வீடுகளுக்கு செப்டிக் டேங்க் தோண்டுகிறார்களாம். எட்டடி.

"வூட்டுக்கு வூடு வருது தங்கச்சி. ஏழடி போனா மணலு. முதல்ல எங்க அண்ணன் வூட்டுக் குழியிலதான் வந்துச்சு. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டு, இத யாரும் வெளிய சொல்லக் கூடாது, சொன்னா வீடும் கெடைக்காமப் போயிரும்னு கட்டுப்பாடு வச்சிட்டாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒங்கிட்ட சொல்றேன்."

தாலுகா அலுவலகத்தில் சொல்ல வேண்டியவள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அந்தக் குழிகளுக்கு அவசியமே வந்திருக்காது. இப்போது சொல்கிறாள், எல்லாம் முடிந்த பிறகு, கேட்க ஆளில்லாத என்னிடம். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். பள்ளிக்கூட வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திட்டி முடித்ததும் என்ன நிறம் என்று கேட்டேன். சாம்பல் என்றாள். அடியில் களிமண் கட்டி கட்டியாக இருக்கிறதா? இருக்கு, நெல்லிக்காய் மாதிரி என்றாள். எல்லாக் குழியையும் சுவர் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். யாராவது பார்த்தால் அவளை ஊரிலிருந்து தள்ளி வைத்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனுப்புறேன் என்றாள்.

சாயங்காலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அளவுகோல் இல்லையாம், ஒவ்வொன்றிலும் தன் கையை வைத்து எடுத்திருக்கிறாள். யாரிடம் காட்டுவேன் என்று தெரியாது. அவளை நான் மன்னிக்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.